தறியோசை நின்ற ஊரும் ஒரு நடிகரும்

மே தினத்துக்கு முந்திய மாலை நாம் ஆரணியில் இருந்தோம். மறுநாள் கொடியேற்று விழா. அதற்கான தோரணங்களை இளைஞர்கள் கட்டிக்கொண்டிருந்தார்கள். நெசவாளர் தெருவில் ஒரு மூத்த தோழரின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். உள்ளே குழித்தறியில் அவருடைய மருமகள் பட்டுச் சேலை நெய்துகொண்டிருந்தார். நாடா ஓடும் ஓசையும், பலகை வந்து அடிக்கும் ஓசையும் பேச்சுக்குத் தாளம் போட்டன.

மே தினத்தன்று இரவு அந்தத் தெருவில் ஒரு திரைப்படம் காட்டுவதென்று தோழர்கள் முடிவு செய்திருந்தார்கள். படத்தின் பெயர் 'கரம் ஹவா'. வெப்பக் காற்று என்று பொருள். நாடு துண்டாடப்பட்ட பிறகு ஆக்ராவில் வாழ்ந்த ஒரு முஸ்லிம் குடும்பத்தின் கதை அது. மூத்த தோழரின் பேரன் ஓர் ஆட்சேபம் சொன்னான். இவன் தறியை விட்டுவிட்டு ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை பார்ப்பவன். ஆக்ராவில் செருப்புத் தைத்தவனுக்கும் ஆரணியில் பட்டு நெய்பவனுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டான். இந்திப் படம் வேறு, ஐம்பது வருஷத்துப் பழசு வேறு என்றான். பிறகு தன் கைப்பேசியை எடுத்து, வடக்கே ஏதோ ஓர் ஊரில் நடந்த கலவரத்தின் காட்சியைக் காட்டினான். ஒருவனைப் பத்துப் பேர் அடிக்கிறார்கள். இதையெல்லாம் பார்த்துக் கொதிக்காமல், செருப்புக் கடைக்காரரின் குடும்பக் கதையைப் பார்த்து என்ன ஆகப்போகிறது என்பது அவன் கேள்வி.

மூத்த தோழர் நம் முகத்தைப் பார்த்தார். கேள்வி நியாயமானதுதான். அதற்குப் பதிலாக அந்தப் படத்தில் நடித்தவரின் வாழ்க்கையை அன்று அவனுக்குச் சொன்னோம். அதையே இங்கும் சொல்கிறோம்.

அவர் பெயர் பல்ராஜ் சாஹ்னி. 1913-ஆம் ஆண்டு மே மாதம் முதல் தேதி பிறந்தவர். உலகத் தொழிலாளர் திருநாளில் பிறந்தவர் பிற்காலத்தில் உலகத் தொழிலாளர்களின் மனிதராகவே வாழ்ந்தது தற்செயலாக அமைந்த பொருத்தம்.

பிறந்த ஊர் ராவல்பிண்டி. இன்று அது பாகிஸ்தானில் இருக்கிறது. தந்தை ஜவுளி வியாபாரி, ஆரிய சமாஜத்தில் பற்றுள்ளவர். பிள்ளைக்கு முதலில் வைத்த பெயர் யுதிஷ்டிரன். லாகூர் அரசாங்கக் கல்லூரியில் ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ. பட்டம் பெற்றார். படித்து முடித்ததும் ஊருக்கு வந்து தந்தையின் ஜவுளி வியாபாரத்தைப் பார்த்தார். துணி யார் நெய்கிறார்கள், யார் விற்கிறார்கள், நடுவில் யாருக்கு லாபம் போகிறது என்பதை அவர் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை.

ஆனால் கணக்குப் பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்க அவர் மனம் ஒப்பவில்லை. 1936-ல் தமயந்தி என்னும் பெண்மணியை மணந்தார். இருவரும் வீட்டை விட்டுப் புறப்பட்டார்கள். ரவீந்திரநாத் தாகூரின் சாந்திநிகேதனத்தில் ஆசிரியரானார். அங்கே தாகூரிடம் அவர் கற்ற பாடம் ஒன்று நம் தமிழ் மக்களுக்கு இனிக்கும். பிறமொழியில் எழுதிப் பேர் வாங்குவதைவிடத் தாய்மொழியில் எழுது என்று பெரியவர் அவருக்கு அறிவுரை சொன்னார். இளமையில் அது உறைக்கவில்லை. பிற்காலத்தில் பல்ராஜ் பஞ்சாபி மொழியிலேயே எழுதினார்.

சாந்திநிகேதனத்திலிருந்து சேவாகிராமம் போனார். அங்கே காந்தியடிகளின் நிழலில், ஆதாரக் கல்விப் பத்திரிகையில் வேலை பார்த்தார். அங்கிருந்து லண்டன் சென்று பி.பி.சி. வானொலியில் இந்தி அறிவிப்பாளரானார். ஒரு பக்கம் மகாத்மாவின் ஆசிரமம், மறு பக்கம் வெள்ளைக்கார சர்க்காரின் வானொலி நிலையம். இது முரண்பாடாகத் தோன்றலாம். வயது இருபத்தாறு, தேடுகிற பருவம்.

லண்டனில் அவர் இருந்தபோதுதான் இரண்டாவது உலக யுத்தம் நடந்தது. 1940-லும் 1941-லும் ஹிட்லரின் விமானங்கள் அந்த நகரத்தின் மீது இரவுக்கு இரவு குண்டு போட்டன. துறைமுகத் தொழிலாளர்கள் குடியிருந்த பகுதிகள்தான் அதிகமாக நொறுங்கின. சண்டையை முடிவு செய்கிறவன் ஒருவன், சாகிறவன் வேறொருவன் என்பதை அங்கே கண்ணால் கண்டார். சோவியத் திரைப்படங்களை அங்கேதான் பார்த்தார். மார்க்சியத்தையும் அங்கேதான் படித்தார். யுத்தம் முடியுமுன்பே நாடு திரும்பியபோது பழைய பல்ராஜாக அவர் திரும்பவில்லை.

பம்பாயில் வந்து இறங்கியதும் இந்திய மக்கள் நாடக மன்றத்தில் சேர்ந்தார். இப்டா என்று தோழர்கள் அன்போடு அழைக்கும் அந்த அமைப்பு 1943-ல் பிறந்தது. அதே ஆண்டில்தான் வங்காளத்தைப் பஞ்சம் பிடித்தது. ஏறத்தாழ முப்பது லட்சம் மக்கள் மாண்டார்கள் என்று கணக்கிடுகிறார்கள். துப்பாக்கி வெடிக்கவில்லை, வாள் வீசப்படவில்லை. யுத்தத்துக்கென்று தானியம் திருப்பப்பட்டது. பதுக்கல்காரன் மூட்டையைப் பூட்டி வைத்தான். படகுகளை சர்க்கார் பறிமுதல் செய்தது. சத்தமில்லாமல் கிராமம் கிராமமாக மக்கள் செத்தார்கள். இதுவும் யுத்தத்தின் கொலைதான். ஆனால் இதற்கு வீரர் பட்டியலும் இல்லை, வெற்றித் தூணும் இல்லை.

அந்தப் பஞ்சத்தை இப்டா படமாக எடுத்தது. 'தர்த்தி கே லால்' என்பது படத்தின் பெயர். மண்ணின் மைந்தர்கள் என்று சொல்லலாம். இயக்கியவர் கே.ஏ. அப்பாஸ். 1946-ல் வெளிவந்தது. பல்ராஜும் தமயந்தியும் அதில் நடித்தார்கள். ஊரை விட்டுக் கல்கத்தாவின் வீதிக்கு வந்து சேரும் விவசாயக் குடும்பம்தான் கதை. இராஜா ராணிக் கதைகளும் புராணக் கதைகளும் திரையை ஆண்ட காலத்தில், எலும்பும் தோலுமான ஏழையைத் திரையில் நிற்க வைத்தது பெரிய துணிச்சல்.

1947 வந்தது. அந்த ஆண்டு பல்ராஜிடமிருந்து இரண்டைப் பறித்தது. தமயந்தி இறந்தார். இளம் வயது, கையில் சிறு குழந்தைகள். அடுத்து, பிறந்த ஊர் போனது. மார்ச் மாதமே ராவல்பிண்டியிலும் சுற்றிலுமிருந்த கிராமங்களிலும் வகுப்புக் கலவரம் மூண்டிருந்தது. ஆகஸ்டில் எல்லைக்கோடு போடப்பட்டது. அவருடைய தம்பி பீஷ்ம் சாஹ்னி சுதந்திர தின விழாவைப் பார்க்கலாம் என்று ரயிலேறி டில்லிக்கு வந்தார். அந்த ரயில் அவரை மறுபடி ஊருக்குக் கொண்டுபோய் விடவில்லை. விழா பார்க்க வந்தவர் அகதியாகிவிட்டார்.

அந்த மாதங்களில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட மக்கள் ஊர் மாறினார்கள். செத்தவர்களின் தொகையைப் பற்றி இரண்டு லட்சம் முதல் பத்து லட்சத்துக்கும் மேல் வரை பலவிதமான கணக்குகள் உண்டு. தொகையே நிச்சயமாகத் தெரியாத சாவு அது. எண்ணுவதற்குக்கூட ஆளில்லை.

இந்த இடத்தில் திண்ணையிலிருந்த பேரன் குறுக்கிட்டான். தன் வீட்டையே இழந்தவர் அந்தப் பக்கத்தார் மீது கோபம் கொள்ளவில்லையா என்று கேட்டான். சரியான கேள்வி. அவர் வீட்டை இழந்தது பாகிஸ்தானில். அவர் கோபப்பட்டிருந்தால் குறை சொல்ல யாரும் இருந்திருக்க மாட்டார்கள். அன்று அப்படிக் கோபப்பட்ட லட்சக்கணக்கானோரில் அவரும் ஒருவராக ஆகியிருப்பார். அவர் எந்த வழியில் போனார் என்பதைப் பார்ப்போம்.

சுதந்திரம் வந்த இரண்டாம் ஆண்டே அவருக்குச் சிறைவாசம் வந்தது. கம்யூனிஸ்டுகள் மீது அடக்குமுறை பாய்ந்த காலம் அது. 1949-ல் பிடித்து உள்ளே போட்டார்கள். அப்போது அவர் 'ஹல்சல்' என்ற படத்தில் நடித்துக்கொண்டிருந்தார். படத்தில் அவருக்குக் கொடுத்திருந்த வேஷம் ஜெயிலர்! படப்பிடிப்புக்கென்று அனுமதி பெற்று வெளியே அழைத்து வருவார்கள், ஜெயிலராக நடிப்பார். வேலை முடிந்ததும் கைதியாகத் திரும்பிப் போவார். வயிற்றுப் பாட்டுக்கு அந்தக் கூலி வேண்டியிருந்தது. தோழர்களே, நம்மில் எத்தனை பேர் வேலை நிறுத்தக் காலத்தில் வீட்டில் அடுப்பெரிய என்ன பாடுபட்டிருக்கிறோம்! அவருக்கும் அதே பாடுதான்.

பிறகு 1953-ல் 'தோ பீகா ஜமீன்' வந்தது. பிமல் ராய் எடுத்தது. இரண்டு பீகா நிலம் என்றால் நம் கணக்கில் ஓர் ஏக்கர்கூட இல்லை. ஆலை கட்ட ஜமீன்தாருக்கு அந்த நிலம் வேண்டும். 65 ரூபாய்க் கடன் என்று நினைத்துக்கொண்டு விவசாயி போகிறான். கணக்கப்பிள்ளையின் ஏட்டில் அது 235 ரூபாயாக நிற்கிறது. மூன்று மாதத்தில் கட்டு என்கிறது கோர்ட்டு. கல்கத்தாவுக்குப் போய்க் கைரிக்ஷா இழுக்கிறான். நிலம் போகிறது. கடைசியில் அந்த மண்ணில் ஒரு பிடி அள்ளுகிறான். அதையும் காவல்காரன் கீழே போடச் சொல்கிறான்.

எம்.ஏ. படித்த, லண்டன் வானொலியில் பேசிய மனிதர் ரிக்ஷா இழுப்பவராக நடிக்க வேண்டும். பொருந்தாது என்று பலர் நினைத்தார்கள். அவர் வெறுங்காலோடு கல்கத்தாத் தெருவில் ரிக்ஷா இழுத்துப் பழகினார். அங்கே ஒரு நிஜமான ரிக்ஷாத் தொழிலாளி அவருடன் பேச்சுக் கொடுத்தார். பீகாரிலிருந்து வந்தவர். நிலம் ஜமீன்தாரிடம் அடகில் கிடக்கிறது. மீட்பதற்காக வருஷக் கணக்கில் ரிக்ஷா இழுக்கிறார். படத்தின் கதையே அவருடைய கதை! தன்னால் நடிக்க முடியுமா என்று கலங்கிக்கொண்டிருந்த பல்ராஜுக்கு அன்று தைரியம் வந்தது. தான் செய்ய வேண்டியது நடிப்பு அல்ல, இந்த மனிதரின் கதையை உலகத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்று உணர்ந்தார். அந்தப் படம் 1954-ல் பிரெஞ்சு நாட்டின் கான் திரைப்பட விழாவில் சர்வதேசப் பரிசு பெற்றது.

ஒரு மனிதரைப் புகழ்வதென்றால் குறையே இல்லாத சிலையாகச் செதுக்கிவிடும் பழக்கம் நம்மிடம் உண்டு. அது அவருக்கும் நல்லதல்ல, நமக்கும் நல்லதல்ல. அவர் நடித்த படங்கள் யாவும் 'தோ பீகா ஜமீன்' அல்ல. கண்ணீர்க் குடும்பக் கதைகளிலும் வரிசையாக நடித்தார். நம் சென்னைப் பட்டணத்திலேயே வந்து நடித்திருக்கிறார். 'குலதெய்வம்' என்ற தமிழ்ப் படத்தை ஏவி.எம். நிறுவனத்தார் 1957-ல் 'பாபி' என்று இந்தியில் எடுத்தபோது, கிருஷ்ணன்-பஞ்சு இயக்கத்தில் அண்ணனாக நடித்தவர் இவரே. 1964-ல் 'ஹகீகத்' என்ற யுத்தப் படத்தில் இராணுவ அதிகாரியாக நடித்தார். சீனாவுடன் 1962-ல் நடந்த போரில் லடாக் பனியில் தோற்றுச் சிதறிய ஒரு சிறு படையின் கதை அது. நம் சிப்பாயின் துயரத்தைக் காட்டியது. எதிரே நின்ற சிப்பாயும் ஒரு தாய் பெற்ற பிள்ளைதான் என்பதைக் காட்டவில்லை. அந்த அளவில் அது பாதி உண்மைதான்.

மறு பாதியைத் தேடி அவரே போனார். 1960-களின் தொடக்கத்தில் பாகிஸ்தானுக்குப் பயணம் செய்தார். லாகூரையும் ராவல்பிண்டியையும் மறுபடி கண்டார். பழைய வீதிகளில் நடந்தார். பழைய நண்பர்களைத் தழுவிக்கொண்டார். திரும்பி வந்து அந்தப் பயணத்தைப் பஞ்சாபியில் புத்தகமாக எழுதினார். வீட்டை இழந்தவர் வீட்டைக் கேட்கப் போகவில்லை. மனிதர்களைப் பார்க்கப் போனார். பேரன் கேட்ட கேள்விக்கு அதுதான் பதில்.

இப்போது ஆரணித் தோழர்கள் காது கொடுத்துக் கேட்க வேண்டிய இடத்துக்கு வருகிறோம்.

பம்பாய்க்குப் பக்கத்தில் பிவண்டி என்றோர் ஊர் உண்டு. அதுவும் தறி ஊர்தான். ஆரணியில் கைத்தறி, பிவண்டியில் விசைத்தறி, அவ்வளவே வித்தியாசம். உத்தரப் பிரதேசத்திலிருந்து வந்த முஸ்லிம் நெசவாளிகளும், தெற்கிலிருந்து போன தெலுங்கு நெசவாளிகளும், உள்ளூர் மராத்தியரும் ஒன்றாக உழைக்கும் ஊர். 1970 மே மாதத்தில் அங்கே வகுப்புக் கலவரம் வெடித்தது. வீடுகள் எரிந்தன, மனித உயிர்கள் எரிந்தன. அதை விசாரிக்க நீதிபதி மதன் தலைமையில் சர்க்கார் ஒரு கமிஷன் வைத்தது.

பல்ராஜ் பிவண்டிக்குப் போனார். அவருடைய தம்பி பீஷ்ம் சாஹ்னியும் போனார். எரிந்துபோன தெருக்களில், வாய் அடைத்துப்போன மக்களுக்கு நடுவில் இருந்தார்கள். தறி ஊரில் பிறந்தவர்களுக்கு அந்த நிலையை நாம் விளக்க வேண்டியதில்லை. விடிந்தது முதல் ஓசை இருந்துகொண்டே இருக்கும் தெருவில் ஓசை நின்றுவிட்டால் எப்படி இருக்கும்? சாவு வீட்டில்தான் தறி நிற்கும். ஊர் முழுவதும் தறி நின்றால் ஊரே சாவு வீடுதான். பாவு பாதியில் கிடக்கும். ஊடைக்குச் சுற்றிய தார் கூடையிலேயே கிடக்கும். அந்தத் தறியில் இந்து நெய்த சேலை, முஸ்லிம் நெய்த சேலை என்று இரண்டு இல்லை. நின்ற தறிக்குக் கூலி இல்லை என்பது ஒன்றுதான் இருவருக்கும் பொது.

பிவண்டியைப் பார்த்த பீஷ்ம் சாஹ்னிக்கு இருபத்து மூன்று ஆண்டுகளுக்கு முன் ராவல்பிண்டியில் கண்டதெல்லாம் கண்முன் வந்தது. அதன் விளைவாக அவர் எழுதிய நாவல்தான் 'தமஸ்'. இருள் என்று பொருள். 1974-ல் வெளிவந்து, அடுத்த ஆண்டே சாகித்ய அகாதமி பரிசு பெற்றது. கோவிந்த் நிஹலானி அதைப் படமாக்க, 1988-ல் தூர்தர்ஷன் ஒளிபரப்பியது. தடை செய்ய வேண்டும் என்று சிலர் வழக்குப் போட்டார்கள். உச்ச நீதிமன்றம் தடை விதிக்க மறுத்துவிட்டது. தறியோசை நின்ற ஓர் ஊரைப் பார்த்ததன் பலன் ஒரு பெரிய இலக்கியம்.

அண்ணன் பல்ராஜுக்குக் கிடைத்தது 'கரம் ஹவா'. படத்தை இயக்கிய எம்.எஸ். சத்யு மைசூரைச் சேர்ந்தவர், இப்டா தோழர். இஸ்மத் சுக்தாயின் கதையைக் கொண்டு கைஃபி ஆஸ்மியும் ஷமா ஸைதியும் எழுதினார்கள். கையில் காசு இல்லை. சர்க்காரின் திரைப்பட நிதிக் கழகம் இரண்டரை லட்சம் ரூபாய் கடன் கொடுத்தது. ஆக்ராவில் படமெடுக்கும்போது எதிர்ப்புக் கிளம்பியது. எதிர்ப்பாளர்களைத் திசை திருப்ப, சத்யு வேறோர் இடத்துக்கு ஒரு போலிக் காமிராக் குழுவை அனுப்பி வைத்துவிட்டு, உண்மைக் காமிராவை வைத்து வேலையை முடித்தார்.

கதையின் நாயகர் சலீம் மிர்ஸா, செருப்புத் தொழில் நடத்துபவர். பெரிய முதலாளி அல்ல. பரம்பரைத் தொழிலைக் காப்பாற்றிக்கொண்டிருப்பவர். காந்தியடிகள் கொல்லப்பட்ட சமயம். உறவினர்கள் ஒவ்வொருவராகப் பாகிஸ்தானுக்கு ரயிலேறுகிறார்கள். மேடையில் இந்த மண்ணை விட்டு நகரமாட்டேன் என்று முழங்கிய அண்ணன் ஓசைப்படாமல் போய்விடுகிறார். சலீம் போக மறுக்கிறார். இது என் ஊர் என்கிறார்.

ஊர் அவரை என்ன செய்கிறது? யாரும் அவர் கழுத்தில் கத்தி வைக்கவில்லை. பாங்கிக்குப் போகிறார், கடன் இல்லை. நாளைக்கு நீயும் ஓடிவிட்டால் என்ன செய்வது என்ற சந்தேகம். கடன் இல்லாவிட்டால் தோல் வாங்க முடியாது. தோல் இல்லாவிட்டால் ஆர்டரை முடிக்க முடியாது. பட்டு நூலுக்கும் ஜரிகைக்கும் முன்பணம் இல்லாமல் தறி நின்ற வீட்டாருக்கு இந்தக் கணக்கு விளங்கும். வீடு போன அண்ணன் பெயரில் இருப்பதால், ஓடிப்போனவர் சொத்து என்று பறிபோகிறது. வேறு வீட்டுக்கு அலைகிறார். மதத்தைக் கேட்டதும் கதவு சாத்தப்படுகிறது. பழைய வீட்டை விட்டு வரமாட்டேன் என்று கிழத் தாய் விறகு அறையில் ஒளிந்துகொள்கிறாள். சாகும் தறுவாயில் அவளைப் பல்லக்கில் தூக்கிக்கொண்டு போய் அந்த வீட்டைக் காட்டுகிறார்கள். மகளுக்கு நிச்சயித்த மாப்பிள்ளை எல்லைக்கு அந்தப் பக்கம் சிக்கிக்கொள்கிறான். இரண்டாவது வரனும் கைவிடுகிறான். அவள் உயிரை விடுகிறாள். கடைசியில் சலீம் மீதே வேவு பார்த்ததாகக் குற்றச்சாட்டு! விடுதலையாகிறார், ஆனால் தெருவில் பார்க்கிறவர்களின் கண் விடுதலை செய்யவில்லை.

இரத்தம் ஆறாக ஓடும் காட்சி படத்தில் கிடையாது. ஆனாலும் பிரிவினையின் கொடுமையை இதைவிடக் கூர்மையாகக் காட்டிய படம் அதிகம் இல்லை. ஏன்? கலவரம் ஒருநாள் நடக்கிறது. அதன் பிறகு சந்தேகம் ஆண்டுக் கணக்கில் நடக்கிறது. கத்தி ஒருவனைக் குத்துகிறது. சந்தேகம் ஒரு குடும்பத்தின் அடுப்பை அணைக்கிறது. கைப்பேசியில் பேரன் காட்டிய காட்சி அடிப்பவனையும் அடிபடுபவனையும் காட்டியது. அடிபட்டவன் வீட்டில் மறுநாள் என்ன நடந்தது? அவன் மனைவி எந்தக் கடையில் அரிசி வாங்கினாள்? மகளைப் பெண் கேட்டு யாராவது வந்தார்களா? இந்தக் கேள்விகளைக் கைப்பேசிக் காட்சி கேட்காது. அது கொதிக்க வைத்துவிட்டு அடுத்ததற்கு ஓடிவிடும். நல்ல படம் நம்மை அந்த வீட்டுக்குள் கூட்டிக்கொண்டு போய் உட்கார வைக்கும். உட்கார்ந்துவிட்ட வீட்டின் மீது கல் எறியக் கை வருமா?

இந்தக் கருத்து நம் தமிழ்த் திரைக்கும் அந்நியமல்ல. பிரிவினை அகதிகளைப் பற்றி 1950-லேயே வங்காளத்தில் 'சின்னமூல்' என்ற படத்தை எடுத்தவர் நிமாய் கோஷ். அவர் பின்னர் சென்னைக்கு வந்து குடியேறி, 1960-ல் 'பாதை தெரியுது பார்' என்ற தமிழ்ப் படத்தை இயக்கினார், எம்.பி. சீனிவாசனோடு சேர்ந்து திரைப்படத் தொழிலாளிகளுக்குச் சங்கம் கட்டப் பாடுபட்டார். ஊரிழந்தவர் கதையைச் சொன்ன கலைஞனே தொழிலாளிக்குச் சங்கம் கட்டவும் வந்தான் என்பது கவனிக்கத் தக்கது.

பல்ராஜுக்குத் திரும்புவோம். 1972-ல் அவர் தம் மகள் சப்னத்தை இழந்தார். அந்தப் புண் ஆறுமுன்னே, படத்தில் இறந்த மகளைப் பார்க்கும் தந்தையாக நிற்க வேண்டியிருந்தது. அந்தக் காட்சியில் அவர் அலறவில்லை, மார்பில் அடித்துக்கொள்ளவில்லை. பேச்சில்லாமல் பார்க்கிறார். அவ்வளவுதான். பார்த்தவர்களால் மறக்க முடியாது.

படத்தின் முடிவில் சலீமும் மனம் உடைந்து பாகிஸ்தானுக்குப் புறப்படுகிறார். குதிரை வண்டி ரயிலடிக்குப் போகிறது. வழியில் ஓர் ஊர்வலம் மறிக்கிறது. வேலை கேட்டு, சோறு கேட்டு இளைஞர்கள் கொடி பிடித்துப் போகிறார்கள். அதில் எல்லா மதத்தாரும் இருக்கிறார்கள். வேலையில்லாத மகன் சிக்கந்தர் வண்டியிலிருந்து குதித்து அதில் சேர்கிறான். தகப்பன் பார்க்கிறார். மனிதன் தனித்து வாழ முடியாது என்று அவருக்கு அப்போது தெளிகிறது. மனைவியைத் திரும்பிப் போகச் சொல்லிவிட்டு அவரும் கூட்டத்தில் கலந்துவிடுகிறார்.

அந்த ஊர்வலத்தால் சலீமின் வீடு திரும்பக் கிடைக்கவில்லை. மகள் எழுந்து வரவில்லை. படம் அப்படிப் பொய் சொல்லவில்லை. ஆனால் ஒன்று மாறுகிறது. அதுவரை அவர் ஒரு முஸ்லிமாக மட்டும் பார்க்கப்பட்டார். கூட்டத்தில் சேர்ந்தபின் வேலை கேட்கும் ஆயிரம் பேரில் ஒருவர். சந்தேகத்தைத் தீர்க்கும் மருந்து தோளோடு தோள் நிற்பது.

படத்துக்கான குரல் பதிவை முடித்துக் கொடுத்த மறுநாள், 1973 ஏப்ரல் 13-ஆம் தேதி, மாரடைப்பால் பல்ராஜ் சாஹ்னி காலமானார். அறுபது வயது நிறைய இன்னும் பதினெட்டு நாள் இருந்தது. 1919-ல் அதே ஏப்ரல் 13-ல்தான் பஞ்சாபின் ஜாலியன்வாலாபாகில் வெள்ளையன் சுட்டான். தம் மிகச் சிறந்த படத்தைத் திரையில் பார்க்காமலேயே அவர் போய்விட்டார்.

படமும் எளிதில் வெளிவரவில்லை. கலவரத்தைத் தூண்டிவிடும் என்று தணிக்கையில் மாதக் கணக்கில் நிறுத்தி வைத்தார்கள். பின்னர் 1974-ல் பெங்களூரில் இரண்டு கொட்டகைகளில் முதலில் திரையிட்டார்கள். எங்கும் கலவரம் வரவில்லை. பிறகு நாடெங்கும் ஓடியது. தேசிய ஒருமைப்பாட்டுக்கான விருதை அதே சர்க்கார் கொடுத்தது. 2014-ல் புதுப்பிக்கப்பட்டு மறுபடியும் திரைக்கு வந்தது.

இப்போது ஆரணிக்கு வருவோம். இந்த ஊருக்கும் சரித்திரப் புத்தகத்தில் இடம் உண்டு. 1751-ல் இங்கே கிளைவின் படையும் ராஜா சாகிபின் படையும் மோதின. 1782-ல் ஹைதர் அலியும் வெள்ளைத் தளபதி கூட்டும் மோதினார்கள். எவன் ஜெயித்தான், எத்தனை பீரங்கி பிடித்தான் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தப் படைகள் தின்ற தானியம் யாருடையது, அன்று இந்த வட்டாரத்தில் எத்தனை தறிகள் நின்றன என்று எழுதியவர் இல்லை. தளபதியின் சரித்திரம் ஏட்டில் இருக்கிறது. உழைப்பாளியின் சரித்திரத்தைக் கலைஞன்தான் எழுதியாக வேண்டும். பல்ராஜ் சாஹ்னி அதைத் தம் உடம்பாலும் முகத்தாலும் எழுதினார்.

மே தினத்தன்று இரவு படம் நடந்தது. இந்தி தெரியாத தெரு; ஆசிரியத் தோழர் ஒருவர் ஒலிபெருக்கியில் காட்சிக்குக் காட்சி தமிழில் சொல்லிக்கொண்டு வந்தார். பாங்கியில் கடன் மறுக்கும் இடம் வந்தபோது பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு பெருமூச்சு எழுந்தது. அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. கிழத் தாய் பல்லக்கில் வரும்போது மூத்த தோழர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பேரன் கடைசி வரிசையில் நின்றபடி முழுப் படத்தையும் பார்த்தான். முடிந்ததும் நம்மிடம் எதுவும் பேசவில்லை. நாற்காலிகளை மடக்கி வண்டியில் ஏற்ற வந்தான். ஏற்றும்போது ஒன்று மட்டும் கேட்டான்: பிவண்டியில் பிறகு தறி ஓடியதா என்று.

ஓடியது என்றோம். செத்தவர்கள் வரவில்லை, ஆனால் இருந்தவர்கள் மறுபடி பாவு ஏற்றினார்கள். எந்த ஊரிலும் கலவரத்துக்குப் பிறகு முதலில் வேலைக்கு வருகிறவன் உழைப்பாளிதான். ஆகவே, கலவரம் வருமுன் அதைத் தடுக்க வேண்டியவனும் அவனே. வதந்தி நம் தெருவுக்குள் வரும் நாளில், அது யாருடைய தறியை நிறுத்த வருகிறது என்று முதலில் கேட்போம். அந்த ஒரு கேள்வியை நமக்குக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போன மே தினத்துப் பிள்ளைக்கு நம் வணக்கம்.